கதவைத் தட்டி வரட்டும்!

பிரட்டு முடிந்து பால்வெட்டுக்காரர்கள் நிரைக்குப் போன பிறகு, லயத்தில் எஞ்சியிருப்போர் முதியவர்களும் குழந்தைகளும் நோயாளிகளுந்தான். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து ஆள் வருகிறது. மாற்றுச் சாவி கதவைத் திறக்கிறது. அடுப்படி வரை போய்ப் பார்க்கிறார்கள். யார் யார் தங்குகிறார்கள் என்று பாயை எண்ணுகிறார்கள். கட்டிப்பால் இருக்கிறதா என்று பெட்டியைக் கிளறுகிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: “வீடு தோட்டத்து வீடு!”

வீடு தோட்டத்துடையதுதான்; யாரும் மறுக்கவில்லை. அந்த வீட்டுக்குள் குளித்து உடை மாற்றும் பெண்ணின் மானமும் தோட்டத்துச் சொத்தா?

இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததல்ல. கங்காணி லயத்தில் நுழைந்து ஆட்களை எழுப்பி விரட்டிய காலத்தை நம் பாட்டன்மார் கண்டார்கள். 1948-இல் அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது, வாசலில் சோறும் சோதனைக்கு உள்ளாயிற்று. 1960-இல் அவசரகாலம் முடிந்தது. வேலி போயிற்று, கேளாமல் நுழையும் குணம் மட்டும் போகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? பிறர் அனுபவத்தில் இருக்கும் இடத்தில், அவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ எண்ணி நுழைவது குற்றம் என்கிறது தண்டனைச் சட்டம் 441-ஆம் பிரிவு. சொத்து யார் பேரில் என்று அது கேட்கவில்லை. யார் அனுபவத்தில் என்றே கேட்கிறது. தோட்ட வீட்டில் இருப்பவன் குடியிருப்பவனா, வேலைக்காக இடம் பெற்றவனா என்று வக்கீல்கள் வாதாடலாம். அந்த வாதம் முடியும்வரை நம் கதவு திறந்தே கிடக்க வேண்டுமா?

தொழிலாளர் வீட்டு வசதிக்கென 1990-இல் வந்த 446-ஆம் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. 2020-இல் வந்த விதிகள் விடுதியில் தங்கும் தொழிலாளிக்கு மெத்தையும், சாமான் வைக்கத் தனி அலமாரியும் கேட்கின்றன. நல்லது. ஆனால் நினைத்தவர் நினைத்தபோது திறக்கும் அலமாரி எதற்கு? வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்து நம் பக்கத்தில் தங்கும் தோழனுக்கும் இதே கேள்விதான்.

யாருமே வரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. கூரை ஒழுகினால் தச்சர் வரத்தான் வேண்டும். கொசுவை ஒழிக்கச் சுகாதார அதிகாரி வரத்தான் வேண்டும். தீ பிடித்தால் கதவை உடைத்தும் வரலாம். திருட்டென்று சந்தேகமா? போலீஸுக்கென்று சட்டமுறை உண்டு; அந்த வேலையைக் காவல்காரர் கையிலெடுக்கக் கூடாது.

நாம் கேட்பது இவ்வளவே. ஆபத்து நேரம் தவிர, ஒரு நாள் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு வேண்டும். வீட்டார் ஒருவர் இருக்கும்போதுதான் நுழைய வேண்டும். பெண் தனித்திருந்தால் கூட ஒரு பெண் வர வேண்டும். மாற்றுச் சாவி யார் கையில், எந்த நாளில், எதற்காகப் போயிற்று என்று ஆபீஸ் புத்தகத்தில் பதிய வேண்டும். இவற்றை அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டும். வாய்ப்பேச்சு மானேஜர் மாறும்போது மாறிவிடும், எழுத்து மாறாது.

கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. சாவியைக் கொடுத்து அனுப்பப்படுகிறவர் பெரும்பாலும் நீங்கள். உங்கள் குவார்ட்டர்ஸும் அதே தோட்டத்து வீடுதான். அதன் மாற்றுச் சாவியும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. “அறிவிப்பு கொடுத்தாயிற்றா, ஐயா?” என்று ஒரு முறை கேளுங்கள். அந்தக் கேள்வி லயத்தையும் காக்கும். உங்கள் வீட்டையும் காக்கும்.

தொழிலாளத் தோழர்களே! கேளாமல் யாரேனும் நுழைந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். நாள், நேரம், வந்தவர், பார்த்த சாட்சி நால்வகையும் குறித்து அன்றே கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அடுத்தவன் வீட்டில்தானே நடந்தது என்று சும்மா இருந்தால், நாளை நம் கதவு திறக்கும்போது குரல் கொடுக்க ஆளிருக்காது.

உழைப்பைத்தான் விற்றோம், வீட்டு வாசற்படியை விற்கவில்லை.