பின்சீட்டுக்காரரைக் கேளுங்கள்

தூரப் பயணத்துக்கென்று ஒரு பைக் எடுக்கலாம் என்று கிளம்பியபோது முதலில் மனதைப் பறித்தது, யாரோ ஆசை ஆசையாக மாற்றியமைத்த பழைய வண்டி ஒன்று. தோள் உயரத்துக்கு ஹேண்டில்பார், அகலமான பின் டயர், ஒற்றை சீட், தெருமுனை வரை கேட்கும் சைலன்சர். முன்பணம் கொடுக்கவே தயாராகிவிட்டேன்.

தடுத்தவர், பல வருடங்களாக என் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக். “ஆர்.சி. புக்கைக் கையில வெச்சுக்கிட்டு வண்டியைப் பாருங்க சார். ரெண்டும் ஒண்ணா இருக்கா?” என்றார். நிறம்கூட ஒன்றாக இல்லை.

இது சின்ன விஷயமில்லை. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதிலும் சிக்கல் வரும்.

அன்று மாலை வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மனைவி சட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “அதுல நான் எங்கே உட்காருவேன்?” என்றுதான் கேட்டார். இருவரும் சேர்ந்து போவதற்காக எடுக்கிற வண்டி. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றாமலே போயிருந்தது.

அடுத்த ஞாயிறு இருவருமாக ஷோரூமுக்குப் போனோம். 2023-இல் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியாரில் செலஸ்டியல் என்றொரு வகை உண்டு. காற்றைத் தடுக்கும் பெரிய கண்ணாடி, அகன்ற சீட், பின்னால் அமர்பவர் முதுகு சாய ஒரு திண்டு. எல்லாம் கம்பெனியிலிருந்தே வருவதால் ஆர்.சி.யில் தகராறு இல்லை. 648 சி.சி. இரட்டை சிலிண்டர் எஞ்சின். சீட் உயரம் 740 மில்லிமீட்டர்தான் என்பதால் இரு காலும் தரையில் முழுதாகப் பதிகின்றன. டேங்க் 15.7 லிட்டர். 1955-இல் திருவொற்றியூரில் வேர்விட்ட நிறுவனம் என்பதில், சென்னைவாசியான எனக்குத் தனிப் பெருமை.

ஆனால் எடை 241 கிலோ. ஓடும்போது அந்த கனம் நெடுஞ்சாலையில் வண்டியை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. நிறுத்துமிடத்தில் பின்னுக்குத் தள்ளும்போதோ தொடையும் இடுப்பும் கணக்குக் கேட்கின்றன. அதனால் டெஸ்ட் ரைடில் ஓட்டிப் பார்த்ததோடு விடாமல், எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளியும் பார்த்தேன். மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, மேடு பள்ளமான தெருவிலும் வேகத்தடைகளிலும் அரை மணி நேரம் சுற்றினேன். இறங்கியவர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, “திருச்சி வரைக்கும் வருவேன்” என்றார். அதன்பிறகுதான் பணம் கட்டினேன்.

வண்டியை அலங்கரிக்கும் ஆசை தவறே அல்ல. நானும் பக்கப் பெட்டிகள் மாட்டப் போகிறேன், நிறுவனமே இந்த வண்டிக்கென விற்பவற்றை. தூரம் போகிற வண்டிக்கு அழகு என்பது, முன்னூறு கிலோமீட்டர் கழித்தும் இருவர் முகமும் வாடாமல் இறங்குவதுதான்.

வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷோரூமுக்குத் தனியாகப் போகாதீர்கள். உங்கள் பின்னால் உட்காரப் போகிறவரை அழைத்துப் போங்கள். அவர் சரி என்ற பிறகு கையெழுத்துப் போடுங்கள். அப்படியே, ஒன்றல்ல, இரண்டு ஹெல்மெட்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.