சுடத் தெரியாதவருக்கும் ஓர் இடம் உண்டு!

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வருகிறது. ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பையன் கத்துகிறான்: “ஹீல் பண்ணுடா! டேய், ஹீலர் எங்கடா போனான்?”

வெளியே காபி டம்ளரோடு நிற்கும் அம்மாவுக்குக் குழப்பம். உள்ளே ஓடுவது துப்பாக்கிச் சண்டை விளையாட்டு என்றுதானே சொன்னான்? ‘சுடு, சுடு’ என்று கத்த வேண்டியவன் எதற்கு வைத்தியரைத் தேடிக் கத்துகிறான்?

நியாயமான சந்தேகம்தான். அதற்கு விடை தெரிந்துவிட்டால் இந்த வகை விளையாட்டின் பாதி சூட்சுமம் புரிந்துவிடும். இந்த வாரம் நாம் எட்டிப் பார்க்கப்போவது ‘ஓவர்வாட்ச்’. முதல்முறை உள்ளே போகும் ஒருவருக்கு அது எப்படித் தெரியும், எங்கே பிடிக்கும், எங்கே வலிக்கும் என்று பார்த்துவிடலாம்.

ஆளுக்கொரு வேலை

பழைய துப்பாக்கி விளையாட்டுகளில் எல்லோரும் ஒரே மாதிரி. ஒரே ஓட்டம், ஒரே துப்பாக்கி. யாருக்குக் கை வேகமோ அவருக்கே வெற்றி. 1996ல் ராபின் வாக்கர், ஜான் குக் உள்ளிட்ட ஆஸ்திரேலிய இளைஞர்கள் சிலர், ‘குவேக்’ என்ற புகழ்பெற்ற விளையாட்டை எடுத்து, அதன் மேல் ‘டீம் ஃபோர்ட்ரஸ்’ என்று ஒன்றைக் கட்டினார்கள். அதில் ஒருவர் வேகமாக ஓடுவார். ஒருவர் தூரத்திலிருந்து குறிபார்ப்பார். ஒருவர் எந்திரத் துப்பாக்கியை நட்டுவைப்பார். ஒருவர் காயம்பட்டவருக்கு மருந்து போடுவார். ஒருவரால் முடிவது இன்னொருவரால் முடியாது. ஆகவே சேர்ந்து நின்றால்தான் பிழைப்பு.

2007ல் வால்வ் நிறுவனத்தின் ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ வந்தது. மொத்தம் ஒன்பது கிளாஸ், அதாவது ஒன்பது வகை ஆட்கள். அதில் ‘மெடிக்’ என்று குரல் கொடுத்து வைத்தியரைக் கூப்பிடுவதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. பையனின் கத்தலுக்கு இவ்வளவு பழைய வரலாறு இருக்கிறது!

அந்த வழியில் வந்ததுதான் ஓவர்வாட்ச். பிளிஸ்ஸார்ட் நிறுவனம் ‘டைட்டன்’ என்ற பெயரில் ஏழு வருடங்கள் பாடுபட்டு, 2014ல் கைவிட்ட ஒரு பெரிய திட்டத்தின் மிச்சத்திலிருந்து இதை எடுத்துக் கட்டியது. 2016 மே 24ல் வெளியானபோது 21 வீரர்கள். ஓர் அணிக்கு ஆறு பேர். 2022 அக்டோபரில் ‘ஓவர்வாட்ச் 2’ என்று மாறியபோது அணிக்கு ஐந்து பேர் ஆனார்கள், விளையாட்டும் இலவசமானது.

வேலைகள் மூன்று. முன்னால் நின்று அடி வாங்குபவர் ‘டேங்க்’. எதிரியை வீழ்த்துபவர் ‘டேமேஜ்’. மருந்து போட்டுக் காப்பவர் ‘சப்போர்ட்’. பையன் தேடிய ஹீலர் இந்த மூன்றாவது ஆள்தான்.

முதல் அரை மணி நேரம்

புதியவர் முதலில் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ‘ட்ரேசர்’ போன்ற ஒரு வீராங்கனையை. விளையாட்டின் அட்டைப்படத்தில் இருப்பவர் இவர்தான். கண்மூடித் திறப்பதற்குள் இங்கிருந்து அங்கே பாய்வார். சில நொடிகள் பின்னோக்கிப் போய்க் காலத்தையே திருப்புவார். பார்க்க ஜோராக இருக்கும்.

கையில் எடுத்தால்தான் தெரியும். விளையாட்டு வெளியான சமயத்தில் ட்ரேசரின் உயிர்ப்புள்ளி 150. கவசம் பூண்ட ஜெர்மானியர் ரைன்ஹார்ட்டுக்கோ 500. கொஞ்சம் தப்பாகப் பாய்ந்தாலும் ட்ரேசர் அவுட். எங்கிருந்து யார் சுட்டது என்றுகூடத் தெரியாது. உடனே திரையில், எதிரியின் கண் வழியாக அந்தக் காட்சி மறுபடி ஓடும். நீங்கள் நட்ட நடுத்தெருவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறீர்கள். தூரத்து மாடியில் விடோமேக்கர் நிதானமாகக் குறிபார்த்துக்கொண்டிருக்கிறார்!

அவுட் ஆனால் விளையாட்டு முடிந்துவிடாது. சில நொடிகள் கழித்து உங்கள் முகாமில் மறுபடி எழுவீர்கள். அங்கிருந்து சண்டை நடக்கும் இடம் வரை நடை. போய்ச் சேர்ந்ததும் திரும்ப அவுட். திரும்ப நடை. முதல் அரை மணியில் பாதி இப்படி நடப்பதிலேயே போகும். ‘இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்’ என்று பலர் மூடிவைப்பது இந்த இடத்தில்தான்.

சுற்றிலும் என்ன நடக்கிறது என்பதும் புரியாது. லண்டன் தெருக்களைப் போல அமைந்த ‘கிங்ஸ் ரோ’ என்ற களத்தில், ஓர் அணி முதலில் ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு வண்டியை ஊரின் மறுமுனை வரை நகர்த்த வேண்டும். அந்த அணியின் ஆட்கள் பக்கத்தில் நின்றால்தான் வண்டி நகரும். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்பதை வைத்து வெற்றியில்லை. வண்டி போய்ச் சேர்ந்ததா என்பதே கணக்கு. புதியவரோ வண்டியை மறந்துவிட்டு, சந்து பொந்தெல்லாம் எதிரியைத் துரத்திக்கொண்டிருப்பார்.

கோல் பிடித்த கை

இந்த விளையாட்டின் நல்ல குணம் ஒன்று உண்டு. ஆட்டத்தின் நடுவிலேயே, முகாமில் நிற்கும்போது வேறு வீரருக்கு மாறிக்கொள்ளலாம். ‘எனக்கு எது பிடிக்கும்’ என்ற கேள்வி மெல்ல ‘இப்போது அணிக்கு எது வேண்டும்’ என்ற கேள்வியாக மாறும்.

சுட்டுச் சுட்டுத் தோற்றவர் அலுத்துப்போய் ‘மெர்சி’யை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெர்சி சுவிட்சர்லாந்து மருத்துவர். முதுகில் சிறகு, கையில் நீண்ட கோல். தோழரின் பக்கம் கோலைக் காட்டினால் மஞ்சள் ஒளி அவரைத் தானே பற்றிக்கொள்ளும், காயம் ஆறும். நீல ஒளிக்கு மாற்றினால் தோழரின் அடி பலமாகும். துல்லியமாகக் குறிபார்க்கும் கை தேவையில்லை. தோழர் கண்ணுக்குத் தெரிந்தால் அவரிடமே பறந்து போகலாம்.

அதுவரை புரியாத ஆட்டம் அப்போதுதான் புரிய ஆரம்பிக்கும். எதிரியைத் தேடும் வேலை இல்லாததால் கண் எங்கும் சுற்றுகிறது. யாருக்கு உயிர் குறைகிறது, யார் தனியாக மாட்டிக்கொண்டார், ரைன்ஹார்ட்டின் கேடயம் எப்போது உடையப்போகிறது என்று கவனிக்கத் தொடங்குகிறார் புதியவர். கூட்டுக் குடும்பத்தில் பந்தி பரிமாறுபவருக்குத்தான் யார் இலையில் எது தீர்ந்தது என்று தெரியும், இல்லையா? அதே கதைதான்.

காதும் பழகும். ஒவ்வொரு வீரரின் காலடிச் சத்தமும் வேறு வேறு. எதிரியின் காலடி கொஞ்சம் உரக்கவே கேட்கும். பெரிய தாக்குதல் ஒன்றை எடுக்கும் முன் ஒவ்வொருவரும் அவரவர் வசனத்தைக் கத்துவார்கள். அதைக் கேட்டதும் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொண்டால் முதல் பாடம் பாஸ்!

மெர்சியோடு முடியவில்லை. பிரேசில்காரர் லூசியோ பாட்டுப் போட்டால், பக்கத்தில் நிற்பவர்களின் காயமெல்லாம் தானே ஆறும். எகிப்தைச் சேர்ந்த அனா, வயதில் மூத்த அம்மா. மருந்தைத் துப்பாக்கியில் வைத்துத் தோழரை நோக்கியே சுடுவார். ஹைதராபாத்தில் பிறந்ததாகக் கதையில் வரும் சிம்மெட்ராவும் இருக்கிறார். ஒளியை வளைத்துக் கட்டடம் எழுப்பும் பெண். ஆட்டிசம் கொண்டவர் என்று விளையாட்டை உருவாக்கியவர்களே 2017ல் சொன்னார்கள். ஆரம்ப நாள்களில் அவர் சுவரில் ஒட்டிவைக்கும் குட்டி எந்திரங்கள் தாமாகவே எதிரியைச் சுட்டன. கை வேகம் இல்லாதவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

கை நடுங்குபவர், கண் மந்தமானவர், நாற்பது வயதுக்கு மேல் முதல்முறை விளையாடுபவர் என்று யார் வந்தாலும் ‘உனக்கும் ஒரு வேலை இருக்கிறது’ என்கிறது இந்த விளையாட்டு. அதுதான் அதன் பெரிய வாக்குறுதி.

பழி எங்கே விழுகிறது?

அந்த வாக்குறுதி நிறைவேறுவது கூட ஆடும் நான்கு பேரின் கையில் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

ஹீலர் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாது. காப்பாற்றப்பட்டவர், தன் திறமையால் பிழைத்தேன் என்று நினைப்பார். வீழ்ந்தவர் மட்டும் ‘ஹீலர் எங்கே?’ என்பார். ஆட்டம் முடிந்ததும் அந்த ஆட்டத்தின் சிறந்த காட்சி என்று ஒன்றைப் போட்டுக் காட்டுவார்கள். அதில் பெரும்பாலும் வருவது நான்கைந்து பேரை ஒரே மூச்சில் வீழ்த்தியவரின் சாகசம். அவர் பின்னால் நின்று, அவர் விழாமல் பார்த்துக்கொண்டவருக்கு அங்கே வேலையில்லை.

முதல் பதிப்பில், யார் எவ்வளவு செய்தார் என்று எல்லோருக்கும் காட்டும் முழு மதிப்பெண் பட்டியல் கிடையாது. அவரவர் கணக்கு அவரவருக்கு மட்டும். 2022ல் அந்தப் பட்டியல் வந்தது. யார் சோம்பி நிற்கிறார் என்று பார்க்க அது உதவும். தோற்கும்போது ஓர் ஆளைச் சுட்டிக்காட்டவும் அதுவே உதவும். ஆட்டம் இப்போதுதான் புரியத் தொடங்கிய புதியவருக்கு, அந்த விரல் தன் பக்கம் திரும்பும் நொடி ரொம்பவே வலிக்கும்.

பெண் குரல் கேட்டால் பேச்சு இன்னும் கெட்டுப்போவதும் உண்டு. ‘கெகுரி’ என்ற பெயரில் ஆடிய தென்கொரியப் பெண்ணின் கதை விளையாட்டு உலகம் முழுக்கத் தெரியும். 2016ல் பதின்ம வயதில் இருந்த அவர், ‘ஸார்யா’ என்ற டேங்க்கை அபாரமாக ஆடினார். ‘இவ்வளவு துல்லியம் நியாயமான வழியில் வராது, கள்ள மென்பொருள்தான்’ என்று எதிரணி ஆட்கள் குற்றம் சாட்டினார்கள். கையும் மவுஸும் கேமராவில் தெரியும்படி உட்கார்ந்து, நேரலையில் ஆடிக் காட்டித்தான் தன் நேர்மையை அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2018ல் ஷாங்காய் டிராகன்ஸ் அணியில் சேர்ந்து, ஓவர்வாட்ச் லீக்கின் முதல் பெண் வீராங்கனை ஆனார்.

நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. நன்றாக ஒத்துழைத்தவரை ஆட்டம் முடிந்ததும் பாராட்டும் முறை 2018ல் வந்தது. எல்லோரும் டேமேஜ் வேலைக்கே ஓடியதால், 2019ல் ஆட்டத்துக்கு முன்பே வேலையைத் தேர்ந்தெடுத்து வரிசையில் நிற்கும் ஏற்பாடு வந்தது. டேமேஜ் வரிசை நீண்டது. மற்ற வரிசைகளில் காத்திருப்பு குறைவு. ஆறு பேர் கொண்ட அணி ஐந்து பேராகச் சுருங்கியபோது பேசாமலே சைகை காட்டும் வசதியும் சேர்ந்தது. ‘இங்கே எதிரி’, ‘உதவி வேண்டும்’ என்று ஒரே பொத்தானில் சொல்லிவிடலாம். குரல் கொடுக்கத் தயங்குபவருக்கு இது பெரிய வரம்.

வீட்டுக்குள் விடலாமா?

ரத்தக் களரி அதிகம் இல்லை. கார்ட்டூன் படம் போன்ற வண்ணங்கள்தான். அமெரிக்காவில் பதின்ம வயதினருக்கு, ஐரோப்பாவில் 12 வயதுக்கு மேல் என்று தரம் பிரித்திருக்கிறார்கள். கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, முகம் தெரியாதவர்களின் பேச்சு. அமைப்புகளுக்குள் போய்க் குரலையும் எழுத்து அரட்டையையும் அணைத்துவைக்க முடியும். சின்னப் பிள்ளை என்றால் முதல் நாளே அணைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது, காசு. இலவசம் என்றாலும் வீரர்களின் உடை, அலங்காரம் எல்லாம் விற்பனைக்கு இருக்கின்றன. என்ன வரும் என்று தெரியாமல் வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் பழைய பதிப்பில் இருந்தன. 2018ல் பெல்ஜியம் அது சூதாட்டம் என்று சொன்னதால், அந்த நாட்டில் மட்டும் விற்பனையை நிறுத்தினார்கள். அலங்காரம் வாங்கினால் ஆட்டத்திறமை கூடாது என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். வங்கிக் கார்டு எண்ணை அதில் சேமித்து வைக்காதீர்கள்.

நீங்களே ஆடிப் பார்க்கப் போகிறீர்களா? நேரே மனிதர்களோடு மோத வேண்டாம். கணினியே எதிரியாக ஆடும் ஆட்டங்கள் இருக்கின்றன. முதல் சில நாள்கள் அங்கே போதும். லூசியோவையோ மெர்சியையோ எடுங்கள். தனியாக ஓடாதீர்கள், பக்கத்தில் எப்போதும் ஒரு சுவர் இருக்கட்டும். அவுட் ஆனால் மறுபடி ஓடும் காட்சியைத் தவறாமல் பாருங்கள். எங்கே நின்றது தப்பு என்பதை அதுவே சொல்லிக்கொடுக்கும்.

பிள்ளை ஆடிவிட்டு எழுந்து வந்தால், “இன்னைக்கு எத்தனை பேரைச் சுட்டே?” என்று கேட்காதீர்கள். “இன்னைக்கு எந்த வேலைடா பார்த்தே?” என்று கேளுங்கள். “டேமேஜ்மா” என்று பெருமையாகச் சொல்வான். அடுத்த கேள்வியைப் போடுங்கள்: “உன்னைக் காப்பாத்தின ஹீலருக்கு ஒரு பாராட்டுப் போட்டியா?”

கொஞ்சம் முழிப்பான். நாளைக்குப் போடுவான்.