தாருக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடம்

அண்மையில் நடந்த ஓர் இலக்கியச் சந்திப்பில் நண்பரொருவர் தன் மடிக்கணினியில் சில கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைக் காட்டினார். எல்லாமே ஆகாயத்திலிருந்து எடுக்கப்பட்ட வாகனத் தரிப்பிடங்கள். பெரும்பாலும் வெறுமையான தரிப்பிடங்கள். மூத்த கவிஞரொருவர், "கார் விடுகிற இடத்தைப் படம்பிடித்துக் கலை என்றால், நாளைக்குக் கக்கூசையும் காட்டுவீர்களா?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். (மார்செல் டுஷாம்ப் 1917இலேயே ஒரு சிறுநீர்க் கலத்தைக் கண்காட்சிக்கு அனுப்பிவிட்டார் என்பதை அவரிடம் சொல்ல அவகாசம் கிடைக்கவில்லை.) அவர் போனபின் விமர்சகரொருவர் எழுந்தார். அந்தப் படங்கள் கோடுகளின் கவிதை என்றார். இலை நரம்பு என்றார், மீன் முள் என்றார், வெறுமையின் மௌனம் என்றார். கைதட்டினார்கள்.

கவிஞரில் எனக்குக் கோபமில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை, சொல்லிவிட்டார். என் சண்டை விமர்சகரோடுதான்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சித்திரம் படிப்பித்தவர் ஒரு படத்தைக் காட்டினால், "முதலில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள், எப்படி இருக்கிறது என்பதைப் பிறகு பார்க்கலாம்" என்பார். இருபது வருடங்களுக்கு மேலாக நானும் பிள்ளைகளிடம் அதையே கேட்கிறேன். விமர்சகர் முதற் கேள்வியை விட்டுவிட்டு இரண்டாவதற்குத் தாவிவிட்டார்.

அவை எட் ரூஷே என்ற அமெரிக்க ஓவியர் 1967இல் வெளியிட்ட ‘லொஸ் ஏஞ்சல்ஸின் முப்பத்துநான்கு தரிப்பிடங்கள்’ என்ற சிறு நூலிலுள்ள படங்கள். 1963இல் இதே ஆள் இருபத்தாறு பெற்றோல் நிலையங்களைப் படமெடுத்து நூலாக்கியபோது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதை ஏற்க மறுத்தது. மறுத்ததையே அடுத்த வருடம் ஒரு கலைச் சஞ்சிகையில் விளம்பரமாகப் போட்டார். குறும்பான மனுசன். தரிப்பிடங்களை அவர் தன் கையால் எடுக்கவுமில்லை. ஆர்ட் அலானிஸ் என்ற படப்பிடிப்பாளரை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஹெலிகொப்டரில் ஏற்றி அனுப்பினார். நகரம் தூங்கும் நேரம், கார்கள் இல்லாத நேரம்.

கோடுகளின் கவிதை என்றவருக்கு ரூஷேயின் பதில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கோட்டுக் கோலங்கள் தனக்கு ஒன்றுமேயில்லை, நிலத்தில் சிந்திக் கிடக்கும் எண்ணெய்க் கறைதான் சுவாரசியமானது என்று அவர் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். கறை எங்கே கறுப்பாகத் தடித்திருக்கிறதோ அங்கேதான் எல்லோரும் காரை விடுகிறார்கள். மனிதரில்லாத படத்தில் மனிதர் விட்டுப்போன தடயம் அது. இதைக் காணாமல் இலை நரம்பைக் கண்டவரின் கண்ணை என்னவென்பது?

என்னை உலுக்கிய படம் வேறு. அந்நூலில் டொட்ஜர் விளையாட்டரங்கும் இருக்கிறது. நடுவில் அரங்கு, அதைச் சுற்றி விசிறி விரித்தாற்போல் தரிப்பிடம். பதினாறாயிரம் கார்களுக்கு இடமுண்டு. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. அந்த நிலத்தின் பெயர் சாவேஸ் ரவீன். லா லோமா, பாலோ வேர்டே, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள் அங்கே இருந்தன. பெரும்பாலும் மெக்சிக்க வம்சாவளி மக்கள், ஆடு கோழி வளர்த்து, சொந்த வீட்டில் வாழ்ந்தவர்கள். 1950இல் அவர்களுக்குக் கடிதம் போனது: பொது வீடமைப்புத் திட்டம் வருகிறது, வெளியேறுங்கள், புதிய வீடுகளில் உங்களுக்கே முதலிடம். போனார்கள். பிறகு அரசியல் மாறியது, வீடமைப்பு என்றாலே கம்யூனிசம் என்ற கூச்சல் எழுந்தது, திட்டம் கைவிடப்பட்டது. காணி பேஸ்போல் கழகத்தின் கைக்குப் போனது. கடைசிவரை நின்ற குடும்பத்தை 1959 மே மாதம் பொலிஸார் தூக்கி வெளியே போட்டார்கள். 1962 ஏப்ரலில் அரங்கு திறந்தாயிற்று. வாக்களித்த வீடு ஒன்றுகூட அங்கே எழவில்லை. இடம்பெயர்தல் என்றால் என்னவென்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பாலோ வேர்டேயில் ஓர் ஆரம்பப் பாடசாலை இருந்தது. அதை மண்போட்டு மூடி, மேலே தார் போட்டார்கள். இன்றும் அது தரிப்பிடத்துக்குக் கீழேதான் கிடக்கிறது. வகுப்பறையில் காலம் கழித்தவன் என்பதால் அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு மீன் முள் ஞாபகம் வருவதில்லை. மணி தொங்கிய இடம் எதுவாயிருக்கும் என்றுதான் தேடுகிறேன்.

"படத்தில் இல்லாததை ஏன் ஐயா ஏற்றுகிறீர்கள்? ரூஷே இதையெல்லாம் நினைத்தா எடுத்தார்?" என்று விமர்சகர் கேட்கலாம். நினைத்து எடுத்தார் என்று நான் சொல்லவரவில்லை. அனேகமாக நினைத்திருக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் அவர் ஒன்றை மட்டும் எழுதிவைத்தார்: விலாசம். கவிதை இல்லை, தத்துவம் இல்லை, தெருப் பெயரும் இலக்கமும் மட்டும். விலாசம் தந்தவனிடம் போய் "மௌனம்" என்று ரசிப்பதைவிட, அந்த விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டுவதல்லவா வாசகனின் வேலை? கதவு இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று விசாரிப்பதல்லவா?

1975இல் றொச்செஸ்டரில் பத்துப் படப்பிடிப்பாளர்களின் கண்காட்சி நடந்தது. மனிதன் மாற்றிய நிலக்காட்சி என்பதே அதன் பொருள். அதற்குப் பிறகு தொழிற்பேட்டைச் சுவரும் வெற்றுத் தரிப்பிடமும் கலைக்கூடங்களில் ஏறிவிட்டன. நல்லதே. ஆனால் அதைப் பார்த்துப் படமெடுக்க வரும் தம்பிமார் வெறுமையைப் பிடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். வெறுமையாக்கப்பட்டது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சோம்பலுக்கு விமர்சகர்கள் பெயர் சூட்டிக் கொடுக்கிறார்கள்.

டொன் நோர்மார்க் என்ற பத்தொன்பது வயது மாணவர் 1948இல் நகரத்தைத் தபாலட்டைக் காட்சியாக எடுக்க மேடு தேடிப்போய்த் தற்செயலாகச் சாவேஸ் ரவீனைக் கண்டார். திரும்பத் திரும்பப் போய், அந்த மக்களையும் வீடுகளையும் ஒற்றையடிப் பாதைகளையும் எடுத்தார். அது நூலாக வந்தது 1999இல்தான். படத்திலிருந்த வீடுகள் அதற்குள் போய் நாற்பது வருடமாகியிருந்தது.

மடிக்கணினி நண்பரிடம் கேட்டிருக்கிறேன்: அடுத்த சந்திப்பில் நோர்மார்க்கின் படங்களை முதலில் காட்டுங்கள், பிறகு ரூஷேயின் அந்த ஒரேயொரு படத்தைக் காட்டுங்கள். கவிஞர் தேநீரை முன்னமே குடித்துவிட்டு வரட்டும். விமர்சகர் விரும்பினால் அப்போதும் இலை நரம்பைப் பற்றிப் பேசட்டும், கேட்டுக்கொண்டிருப்பேன்.