செருகினால் போதுமா?

"ரெய்டு போட்டிருக்கிறோம், ஒரு டிஸ்க் போனால் என்ன? உருவிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினால் தானாகச் சரியாகிவிடும்." சர்வர் விற்பவர் இப்படிச் சொல்கிறார், வாங்குபவரும் நம்புகிறார். பல டிஸ்குகளை இணைத்து, ஒன்று போனாலும் தரவைக் காக்கும் ஏற்பாடுதான் ரெய்டு. அதில் தானாக நடப்பது, போன டிஸ்கின் தரவை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு நிரப்புவது மட்டும்தான். மற்றதெல்லாம் மனிதர் கையில் இருக்கிறது.

முதலில், எதை உருவுவது? ரெய்டு 5 ஒரேயொரு டிஸ்கின் இழப்பைத்தான் தாங்கும். ஒன்று செத்துக் கிடக்கும்போது, நன்றாக ஓடும் இன்னொன்றைத் தவறி இழுத்தால் மொத்தமும் நின்றுவிடும். லினக்ஸ் 'எஸ்டிபி' (sdb) என்று காட்டுகிறதே என்று, டிஸ்க் செருகும் இரண்டாவது தட்டில் கை வைப்பவர்கள் உண்டு. அந்தப் பெயர் மறுதொடக்கத்துக்குப் பின் வேறு டிஸ்குக்குப் போய்விடலாம். மாறாதது சீரியல் எண். நிறுவும் அன்றே ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் அதை எழுதி ஒட்டுவது சின்ன வேலை; ஏனோ பலரும் செய்வதில்லை.

செருகியதும் பாதுகாப்பு திரும்பிவிடுமா? 8 டெராபைட் டிஸ்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் நிரப்பினாலே ஏறக்குறைய 15 மணி நேரம். சர்வர் தன் அன்றாட வேலையையும் பார்த்தால் நாள்கணக்கில் இழுக்கும். அதுவரை இன்னொரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. அதோடு மீதி டிஸ்குகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். யாரும் தொடாத மூலையில் கெட்டுக் கிடக்கும் செக்டர் அன்றைக்குத்தான் வெளிவரும். சாதாரண டிஸ்குகளின் விவரத்தாள், சுமார் 12.5 டெராபைட் படித்தால் ஒரு பிழை வரை வரலாம் என்கிறது. இதைக் காட்டி 'ரெய்டு 5 மீளவே மீளாது' என்று மிரட்டுவதும் மிகைதான். அது உச்சவரம்பு, நடப்புக் கணக்கு அல்ல. டிஸ்குகளை முழுதாகப் படித்துச் சோதிக்கும் ஸ்க்ரப்பை மாதம் ஒருமுறை ஓட்டினால் அந்தச் செக்டர்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

"முழுதாகச் சாகட்டும், பிறகு மாற்றலாம்" என்பது இன்னும் மோசம். நோய்ப்பட்ட டிஸ்க் ஓரளவு படிக்கும் நிலையில் இருக்கும்போதே, அதைக் கழற்றாமல் புதியதை அருகில் பூட்டி நகலெடுக்க இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையிலும் லினக்ஸின் எம்டி என்ற மென்பொருள் ரெய்டிலும் வழி உண்டு. காப்பு குறையாமல் மாற்றம் முடியும்.

எந்த டிஸ்கும் சரிதானா? பழையதைவிடச் சில செக்டர் குறைந்தாலே ஏற்காமல் போகலாம். தடங்களை ஓடு வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்குகள் மறுகட்டமைப்பில் திணறும். நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்பகங்களுக்கென்றே விற்ற தன் ரெட் டிஸ்குகள் சிலவற்றில் இந்த முறை இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020-இல் ஒப்புக்கொண்டது.

ரெய்டு பேக்கப் ஆகாது. தவறி அழித்த கோப்பு எல்லா டிஸ்கிலும் அழிந்திருக்கும். எனவே தட்டைத் தொடும் முன் பேக்கப் இருக்கிறதா, அது திறக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள்.