குரங்கு எடுத்த பந்து

வெள்ளைக்காரர் காலத்துக் கல்கத்தாவைப் பற்றிய கதை ஒன்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. கோல்ஃப் மைதானத்தில் குரங்குகள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினவாம். வேலி போட்டும் விரட்டியும் பயனில்லை. கடைசியில் கிளப்பே ஒரு விதி போட்டதாம்: குரங்கு எங்கே போட்டதோ, அங்கிருந்தே ஆடு. வாழ்க்கையும் அப்படித்தான், கிடைத்த இடத்திலிருந்து ஆடு என்று கதை முடியும். போன வாரம் கொல்கத்தா நியூ டவுனில் எங்கள் குடியிருப்புத் தமிழர் குழுவிலும் அது வந்தது; பலரும் கைகூப்பி வரவேற்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கோல்ஃப் விதி சொல்வது இதற்கு நேர் எதிரானது.

இந்த ஊருக்கும் இந்த ஆட்டத்துக்கும் பழைய உறவு. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் தொடங்கியது 1829இல். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது. முதலில் ஆடிய இடம் டம் டம், இப்போது விமான நிலையம் இருக்கும் பக்கம். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அங்கே இறங்கும் விமானங்கள் தெரியும். இன்று கிளப் இருப்பது டாலிகஞ்ச் பகுதியில். அங்கே புல்தரையைப் பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, 2016, 2017 என்று அடுத்தடுத்து இந்திய ஓபனை வென்றார்.

விதிக்கு வருவோம். நின்றுவிட்ட பந்தைக் குரங்கோ காகமோ நாயோ நகர்த்தினால், அதைப் பழைய இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். தண்டனை கிடையாது. இடம் துல்லியமாகத் தெரியாவிட்டால் உத்தேசமாகக் கணித்து வைக்கலாம். பந்து போனது போனதுதான் என்றால் வேறு பந்து வைக்கலாம். 1998 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில், ஃபுளோரிடாவின் புகழ்பெற்ற 17ஆம் குழியில், கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள ஒட்டவெட்டிய புல்தரையில்) கிடந்த பந்தைக் கடற்பறவை ஒன்று கொத்தித் தூக்கித் தண்ணீரில் போட்டது. ஆடியவர் பழைய இடத்தில் வேறு பந்தை வைத்துத் தொடர்ந்தார். பறவை போட்ட இடத்திலிருந்துதான் ஆட வேண்டும் என்றால் அவர் குளத்தில் இறங்கியிருக்க வேண்டும்! நடந்தது தெரிந்தும் குரங்கு போட்ட இடத்திலிருந்து ஆடினால், தவறான இடத்திலிருந்து ஆடியதற்காக இரண்டு ஸ்ட்ரோக் (அடி) பெனால்டி.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பந்து நாய்மேல் பட்டுத் திரும்பினால் கதை வேறு. நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும். 1744இல் எடின்பரோக்காரர்கள் எழுதிய முதல் 13 விதிகளிலேயே மனிதர், குதிரை, நாய் என்று பெயர் சொல்லி இது இருக்கிறது. கிரீனில் தட்டிய பந்து நாய்மேல் பட்டால் மட்டும் அந்த அடி கணக்கில் வராது, மறுபடி அடிக்க வேண்டும்.

சிக்கல் சாட்சியில் வருகிறது. டாலிகஞ்ச் கிளப் என்ற வேறொரு கிளப்பின் மைதானத்தில் நரிகள் உலவும். பந்தைக் காணோம் என்றதும் "நரி எடுத்திருக்கும்" என்று சொல்லிவிட்டால் போதாது. பார்த்திருக்க வேண்டும், அல்லது கிட்டத்தட்ட நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். விதிநூல் கேட்பது குறைந்தது 95 சதவீத உறுதி. இல்லையென்றால் மூன்று நிமிடத் தேடலுக்குப் பிறகு அது தொலைந்த பந்து. ஒரு ஸ்ட்ரோக் சேர்த்துக்கொண்டு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டும்.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப்புக்குப் போனவர்களுக்கு இன்னொரு பாடம் கிடைக்கும். அங்கே காட்டுமாடுகள் சாவகாசமாக மேயும். பந்து ஒரு மாட்டின் காலடியில் கிடந்தால், ஆபத்தான விலங்கு என்ற கணக்கில் பெனால்டி இல்லாமல் விலகிப் பந்தைப் போட்டுக்கொள்ளலாம், குழிக்கு இன்னும் அருகே மட்டும் போகக் கூடாது. அதன் குளம்புத் தடம் கிரீனில் இருந்தால் சரிசெய்யலாம். ஃபேர்வேயில் (கிரீனுக்கு இட்டுச்செல்லும் வெட்டிய புல்வெளியில்) அதே தடத்துக்குள் பந்து விழுந்தால் சலுகை இல்லை. சாணி சருகு மாதிரிதான், எடுத்துப் போடலாம். ஆனால் எடுக்கும்போது கிரீனுக்கு வெளியே பந்து அசைந்தால் ஒரு ஸ்ட்ரோக், ஏனென்றால் அசைத்தது உங்கள் கை. விலங்கு செய்ததை விதி பெரும்பாலும் திருத்திக் கொடுக்கிறது, நாம் செய்ததற்கு நம்மிடம் வசூலிக்கிறது. இந்த நியாயத்துக்காகவே எனக்கு இந்த விதிநூலின்மேல் மரியாதை. குரங்குக் கதை இதை அடியோடு மறைத்துவிடுகிறது.

அடுத்த முறை ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில்) ஆடும்போது குழப்பம் வந்தால், விதி தெரிந்த மாதிரி யாராவது சத்தமாகப் பேசுவதைக் கேட்டு ஆடாதீர்கள். இரண்டாவது பந்து ஒன்றையும் எடுத்துக்கொண்டு, எந்தப் பந்து கணக்கில் வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரண்டையும் அந்தக் குழி முடியும்வரை ஆடுங்கள். அதற்கு விதியே இடம் கொடுக்கிறது. பிறகு ஸ்கோர் கார்டைக் கொடுப்பதற்கு முன் போட்டிக் கமிட்டியிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு பந்திலும் ஒரே ஸ்கோர் வந்திருந்தாலும் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் தகுதியிழப்பு.