எதிர்ப்பு யாரால் வளர்ந்தது?

"சேரி ஜனங்க மருந்தைப் பாதியிலேயே நிறுத்திடுறாங்க. அதான் கிருமி மருந்துக்குக் கட்டுப்பட மாட்டேங்குது." படித்த மேதைகள் மேடைக்கு மேடை இதைத்தான் சொல்கிறார்கள். குழந்தைக்கு நிமோனியா வந்து ஆன்டிபயாடிக் கேட்காமல் போனால் குற்றவாளி பெத்தவள். அம்மை வந்தாலும் காலரா வந்தாலும் நம் தெருவைக் கை காட்டிய அதே விரல்தான் இது.

கூரத்திலிருந்து பஸ் பிடித்து வங்கிக்குப் போகிற குமாஸ்தா நான். கவுன்ட்டருக்குத் தோடு வரும், மூக்குத்தி வரும். "இன்னாம்மா செலவு?" என்றால், "கொழந்தைக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சி சார், பெட்டுல சேக்கணும்ன்றாங்க." தறிக்கூலியிலும் நடவுக்கூலியிலும் அஞ்சு நாள் மருந்து வாங்க முடியாதவள் ரெண்டு நாளைக்கு வாங்குகிறாள். இது அறியாமையா, கூலிக் கொள்ளையா?

சரி, கிருமிக்கு எதிர்ப்பைச் சொல்லிக்கொடுத்தது யார்? வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்று தெரிந்தே ஊசி போட்டுக் காசு பார்த்த கிளினிக்குகள். சீட்டில்லாமல் விற்ற கடைகள். மனிதனுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கோலிஸ்டினைக் கோழி கொழுக்கத் தீவனத்தில் கலந்தவர்கள். அதைத் தடைசெய்ய அரசுக்கு 2019 ஆனது. இதில் எந்தக் கடை, எந்தப் பண்ணை சேரிக்காரனுடையது?

2010இல், கடைசிக்கட்ட மருந்துகளையே முறிக்கும் என்டிஎம்-1 நொதியைப் பற்றி ஆய்வு வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. நிமோனியா உண்டாக்கும் கிளெப்சியெல்லாவிலும் அது இருந்தது. நொதியின் பெயரில் டெல்லி இருக்கிறதே என்றுதான் தேசத்துக்கு ரோஷம் வந்தது. மறுவருஷம் டெல்லித் தெருக்களில் தேங்கிய கழிவுநீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய்த் தண்ணீர் 50இல் 2இலும் அந்த மரபணு கிடைத்தது. அந்தச் சாக்கடையில் இறங்குகிற சாதி எது? அதற்கு ரோஷம் வரவில்லை.

கூரம் செப்பேட்டைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டில் பரமேசுவரவர்மப் பல்லவன் ஊரை 25 பங்காக்கினான். வேதம் ஓதியவர்களுக்கு 20. மண்டபத்தில் பாரதம் படிக்க ஒன்று. பூசைக்கும் தண்ணிக்கும் மீதி. ஏரி வெட்டிய கைக்கு ஒன்றுமில்லை. பங்குக் கணக்கு இன்னும் மாறவில்லை. நிமோகாக்கஸ் தடுப்பூசிக்கு அமெரிக்கா 2000இல் அனுமதி கொடுத்தது. இங்கே காசுள்ளவன் பிள்ளைக்குத் தனியாரில் கிடைத்தது. தமிழ்நாட்டில் நம் பிள்ளைக்கு இலவசமாக வந்தது 2021 ஜூலையில். மருந்துக்கு மசியாத நிமோகாக்கஸ் வகைகள் பலவற்றையும் அது தடுக்கும். நோயே வராத குழந்தைக்கு ஆன்டிபயாடிக் எதற்கு? இத்தனை வருஷம் தாமதித்தவர்களை யாரும் 'அறியாத ஜனங்கள்' என்று சொல்லவில்லை.

உலகில் அஞ்சு வயசுக்குள் நிமோனியாவில் சாகிறவர்கள் வருஷத்துக்கு ஏழு லட்சத்துக்கு மேல். மருந்து கேட்காமல் செத்தவர்களோடு, மருந்தே கிடைக்காமல் செத்தவர்களையும் எண்ண வேண்டும்.

மாணவத் தோழர்களே, கருத்தரங்கு போதும். காலனிக்குப் போங்கள். ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம்: மூன்று தவணையும் போட்டார்களா என்று அட்டையைப் பாருங்கள். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணத் தாய்மாருக்குச் சொல்லுங்கள். ரெண்டு மாசத்துக்குள் என்றால் 60, ஒரு வயசுக்குள் 50, அதற்கு மேல் அஞ்சு வயசுவரை 40. இதைத் தொட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆக்சிஜன் அளக்கும் கருவி எங்கே, சிலிண்டர் எங்கே, அஞ்சு நாளைக்குமான அமாக்சிசிலின் எங்கே என்று கேளுங்கள். எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கிருமி வளர்ப்புச் சோதனை அரசு ஆஸ்பத்திரியிலேயே வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாசலில் உட்காருங்கள்.

கிருமியே எதிர்க்கக் கற்றுக்கொண்டது. நாம் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.