ஓடிபி யாருடைய கைபேசிக்கு வருகிறது?

சென்ற மாதம் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளியைவிட்டு வெளியே வந்தபோது வாசலில் ஒரு தாயார் நின்றிருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கணவர் வஃபாத்தாகி ஆறு வருடங்கள் ஆகின்றன. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பாஸ்புக், ஆதார் அட்டை, ரேஷன் கார்டு. வங்கிக் கணக்கைப் புதுப்பிக்க மூன்று முறை போய்த் திரும்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் கவுன்ட்டரில், “ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா” என்று கேட்கிறார்கள். அந்த எண் மகனுடையது. மகன் கம்பெனியில் வேலையில் இருக்கிறார். போனை கேட்டிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து அவர் போனை எடுக்கும்போது வங்கியும் மூடியிருக்கும், ஓடிபியும் காலாவதியாகியிருக்கும்.

“மேனேஜரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் ஹஜ்ரத்” என்றார்.

“நீங்களே ஒரு போன் வாங்கிக்கொள்ளலாமே அம்மா?” என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, “பெண்களுக்குத் தனியாக போன் எதற்கு என்று நீங்கள்தானே பயானில் சொன்னீர்கள்?” என்றார்.

உண்மைதான். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜும்ஆவில், கைபேசியால் குடும்பங்களில் ஏற்படும் ஃபித்னாவைப் பற்றிப் பேசும்போது அப்படிச் சொல்லியிருந்தேன். ஏதோ ஒரு வீட்டில் நடந்த விஷயத்தை மனதில் வைத்துச் சொன்னது. அதை இந்தத் தாயார் ஃபத்வாவாக எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் நடந்திருக்கிறார். மிம்பரில் நிற்பவர்கள் நாக்கை எவ்வளவு அளந்து பயன்படுத்த வேண்டும் என்பதை அன்று எனக்கு அவர் உணர்த்தினார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

நாம் வாழும் இடத்தைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஓசூரைச் சுற்றியுள்ள ஆலைகளில் உலகச் சந்தைக்குப் போகும் ஐபோன்களின் பாகங்கள் தயாராகின்றன. அந்த வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து பெண்பிள்ளைகள் வருகிறார்கள். ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த பழங்குடிப் பெண்கள் சுமார் 6,000 பேர் இதற்குப் பயிற்சி பெற்றிருப்பதாக ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2022-ல் சொன்னார். போச்சம்பள்ளி அருகே அமைந்த ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேருக்கு மேல் வேலை பெறுவார்கள் என்று அந்நிறுவனம் 2021-ல் அறிவித்தது. அறிவிப்பில் எவ்வளவு நடந்தது என்பது வேறு கேள்வி. ஆனால் போக்கு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருப்பதாக 2019-20ஆம் ஆண்டின் தொழில்துறைக் கணக்கெடுப்பு காட்டியது.

ஆக, கைபேசியைச் செய்து முடித்து உலகத்துக்கு அனுப்புகிற கைகள் பெண்களின் கைகள். அதே ஊரில், சில கிலோமீட்டர் தூரத்தில், ஒரு விதவைத் தாய் ஓடிபிக்காக மகனின் ஷிப்ட் முடியக் காத்திருக்கிறார். இது நம் சமுதாயத்தின் பிரச்சினை மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் 54 சதவீதம். இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம் என்றால் பெண்கள் 33 சதவீதம்தான். தமிழ்நாட்டில் நிலைமை இதைவிட மேல், என்றாலும் இணையத்தைத் தொட்ட பெண்கள் இங்கும் பாதிக்குக் குறைவு.

நம் பகுதியில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அது மொழி. கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் நம் வீடுகளில் பேசுவது உருது. உருது வழிப் பள்ளியில் ஐந்தாவது, எட்டாவது வரை படித்துவிட்டு நின்ற தாய்மார்கள் நிறைய. குர்ஆன் சரளமாக ஓதுவார்கள், உருதுவில் கடிதம் எழுதுவார்கள். போனுக்கு வரும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் அல்லது தமிழில் இருக்கும். தெருவுக்கு வெளியே போனால் தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். நான்கு மொழி காதில் விழும் ஊரில், படிக்கத் தெரிந்த ஒரே மொழி போனில் வராத மொழியாக இருப்பது எவ்வளவு பெரிய கைவிலங்கு என்று நாம் பேசுவதே இல்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது, ‘பணம் வந்துவிட்டதா, விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிட்டதா’ என்று பார்த்துச் சொல்லச் சொல்லி எத்தனை பேர் பள்ளிவாசலுக்குப் போனைக் கொண்டுவந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இந்த மண்ணில் பெண்கள் ஒன்றுகூடி எழுந்த வரலாறு புதிதல்ல. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலில் அரசுத் திட்டமாகத் தொடங்கியது நம் பகுதியில்தான். 1989-ல் ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் அன்றைய தருமபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தார்கள். கிருஷ்ணகிரி அப்போது தருமபுரியோடு இருந்தது. 2004-ல்தான் தனி மாவட்டமானது. 1990களில் மைராடா என்ற தொண்டு நிறுவனமும் டைட்டன் கைக்கடிகார நிறுவனமும் சேர்ந்து ஓசூர்ப் பகுதி கிராமப் பெண்களுக்குக் கடிகாரச் சங்கிலி கோர்ப்பது போன்ற வேலைகளைக் கற்றுக்கொடுத்தன. அந்தப் பெண்கள் ‘மெடோ’ என்ற பெயரில் சொந்தமாக ஒரு நிறுவனமே அமைத்து, அதன் பங்குதாரர்களானார்கள். கூலிக்குப் போனவர்கள் கணக்கைத் தாங்களே பார்க்கும் நிலைக்கு வந்தார்கள்.

அந்தக் காலத்தில் நாம் எங்கே இருந்தோம்? சுய உதவிக் குழுவில் வட்டி இருக்கிறது, ஆகவே கூடாது என்று சொன்னோம். சொன்னது சரிதான். வட்டி ஹராம் என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோமே, அதுதான் தவறு. வட்டியில்லாக் கடன் தரும் பைத்துல்மால் சில ஊர்களில் நன்றாக நடக்கிறது. பல ஊர்களில் அது பெயர்ப்பலகையோடு நிற்கிறது. குழுவுக்குப் போகாத நம் பெண்கள் எங்கே போனார்கள்? வாரா வாரம் வாசலில் வந்து உட்காரும் மைக்ரோ ஃபைனான்ஸ்காரரிடம் போனார்கள். அது குழுவின் வட்டியைவிட அதிகம். வசூல் என்ற பெயரில் நடக்கும் அராஜகத்தைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. ‘கூடாது’ என்பதோடு நின்றுவிட்டு, ‘இதைச் செய்யலாம்’ என்று காட்டாமல் போனதற்கு நம் பெண்கள் கொடுத்த விலை இது.

மூஸா (அலை) அவர்கள் மத்யன் வந்து சேர்ந்த சம்பவத்தை சூரா அல்கஸஸில் ஓதுகிறோம். கிணற்றடியில் ஆண்கள் கூட்டமாகத் தண்ணீர் இறைக்கிறார்கள். இரண்டு பெண்கள் ஆடுகளைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். மூஸா (அலை) அவர்களிடம் காரணம் கேட்கிறார். தந்தை முதியவர், மேய்ப்பர்கள் போன பிறகுதான் எங்களுக்கு முறை வரும் என்கிறார்கள். ‘நீங்கள் ஏன் வெளியே வந்தீர்கள்’ என்று அவர் கேட்கவில்லை. தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். பிறகு நிழலில் போய் உட்கார்ந்து தன் தேவையை அல்லாஹ்விடம் கேட்டார். அந்தப் பெண்களின் தேவையும் உண்மை, அவர்களின் வெட்கமும் உண்மை. இரண்டையும் மதித்து, குறுக்கே நின்ற கூட்டத்தைத் தாண்டி அவர் வழி செய்து கொடுத்தார். பல வருடம் மத்ரஸாவில் இந்த ஆயத்துகளுக்கு விளக்கம் சொன்னவன் நான். இன்றைய கிணறு எது என்று யோசிக்க அந்தத் தாயார் வந்து கேட்க வேண்டியிருந்தது.

ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் எழுதத் தெரிந்த குறைஷிப் பெண். அவர் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்ததை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக் குறிப்பிட்டுப் பேசிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. அன்று மக்காவில் எழுதத் தெரிந்த ஆண்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அன்றைய எழுத்து இன்றைய இணையம் என்று சொன்னால் மிகையாகாது.

ஆப்பிரிக்கா என்றதும் நமக்குப் பஞ்சமும் சண்டையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த விஷயத்தில் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது அதிகம். இன்றைய வடக்கு நைஜீரியாவில் சொகோட்டோ ஆட்சியை நிறுவிய ஷைகு உஸ்மான் தான் ஃபோதியோ அவர்களின் மகள் நானா அஸ்மாஉ (1793-1864). அரபி, ஃபுல்ஃபுல்தே, ஹவுஸா, தமாஷெக் என நான்கு மொழி அறிந்த ஆலிமா. வீட்டைவிட்டு வெளியே வந்து படிக்க முடியாத கிராமத்துப் பெண்களுக்காக ‘யன் தாரு’ என்ற ஆசிரியைகள் அமைப்பை உருவாக்கினார். ‘ஜாஜி’ எனப்படும் தலைவிகள் நானாவிடம் பாடம் கேட்டு, அவர் இயற்றிய பாடல்களை மனனம் செய்து, ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். தலையில் ஒரு தனித் தொப்பி, அதுவே அவர்களின் அடையாளம். மக்களின் பேச்சு மொழியில், மனதில் நிற்கும் பாட்டாக, பெண்ணிலிருந்து பெண்ணுக்கு மார்க்கம் போனது. காகிதம் அரிதான இடத்தில் மனனமே அவர்களின் தொழில்நுட்பம். ஏறக்குறைய 200 வருடங்களுக்கு முன், ஓர் ஆலிம் குடும்பத்துப் பெண் செய்த வேலை இது.

உகாண்டாவில் 2000-ல் தொடங்கிய ‘வூக்நெட்’ என்ற பெண்கள் அமைப்பு, வடக்குப் பகுதியான அபாக் மாவட்டத்தில் விவசாயப் பெண்களின் குழுக்களுக்கு ஆளுக்கொன்று என்றில்லாமல் குழுவுக்கொன்றாக ஒரு வானொலிப் பெட்டியும் ஒரு கைபேசியும் கொடுத்தது. தாய்மொழியில் விவசாயத் தகவல் போனது. கென்யாவில் 2007-ல் வந்த ‘எம்-பெசா’ கைபேசிப் பணச் சேவை ஸ்மார்ட் போன்கூடத் தேவையில்லாதது. அதனால் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டதாகவும், 1,85,000 பெண்கள் வயல் வேலையை விட்டுச் சிறு வியாபாரத்துக்கு மாறியதாகவும் 2016-ல் ஓர் ஆய்வு கணித்தது. பணம் தன் எண்ணில், தன் கையில் இருக்கிறது என்ற ஒரே மாற்றத்தில் எவ்வளவு அடங்கியிருக்கிறது பாருங்கள்.

அச்சம் நியாயமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2025 நவம்பரில் உத்தனப்பள்ளி அருகே பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியின் குளியலறையில் ரகசிய கேமரா இருந்தது தெரியவந்து, ஆயிரக்கணக்கான பெண்கள் இரவோடு இரவாகத் திரண்டு போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு பல வீடுகளில், “இதற்குத்தான் வேண்டாம் என்றோம்” என்ற பேச்சு எழுந்தது. என்னிடமும் கேட்டார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: தவறு செய்தவர் குளியலறையில் கேமரா வைத்தவரா, வேலைக்குப் போன பிள்ளையா? அந்த இரவில் அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது வீதிக்கு வருவது மட்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களைக் கேட்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். கம்பெனி பஸ்ஸில் ஏறும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? படத்தை மாற்றி மிரட்டினாலோ கணக்கில் பணம் பறிபோனாலோ 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், பெண்களுக்கான உதவி எண் 181 என்று எத்தனை தாய்மார்களுக்குத் தெரியும்? அறியாதவளைத்தான் மோசடிக்காரன் தேடுகிறான். போனே இல்லாதவள் பாதுகாப்பாக இருக்கிறாள் என்பது நம் கற்பனை. அவள் கணக்கை வேறொருவர் இயக்குகிறார், அவ்வளவுதான்.

மஹ்ரம் துணை பற்றிய கேள்வியும் அடிக்கடி வருகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். நம் ஹனஃபி மத்ஹபில் சஃபர் எல்லையாகக் கணக்கிடும் சுமார் 77 கிலோமீட்டருக்கு அது உட்பட்டது. பகலில் பெண்களோடு பஸ்ஸில் போய், மாலை வீடு திரும்பும் பிள்ளையையும், வேறு மாநிலத்தில் விடுதியில் தங்கும் பிள்ளையையும் ஒரே தட்டில் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரவு ஷிப்ட் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தயக்கத்தைச் சொல்ல வேண்டிய இடம் கம்பெனி நிர்வாகமும்தான், பெண்ணின் தகப்பனார் மட்டுமல்ல. எந்த ஜமாஅத்தாவது நிர்வாகத்தைச் சந்தித்து, தொழுகைக்கு இடமும் பத்து நிமிடமும், பகல் ஷிப்டும் கேட்டிருக்கிறதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் என்ற சகோதரி முஸ்லிம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் அமைத்து, பெண்களுக்கான பள்ளிவாசல் பற்றியும் பேசியபோது உலமாக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவருடைய பல நிலைப்பாடுகளில் எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் நம் ஜமாஅத்துகள் இத்தனை இருக்க, தலாக், ஜீவனாம்சம், சீதனம் என்று பெண்கள் மனுக்களைத் தூக்கிக்கொண்டு அங்கே ஏன் போனார்கள் என்ற கேள்விக்கு நாம் இன்றுவரை பதில் சொல்லவில்லை. நம் பஞ்சாயத்தில் அவள் வழக்கை அவள் வாயால் கேட்க நாம் இடம் வைக்கவில்லை.

மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. நாம் நன்கொடையாகத் திரட்டும் தொகைக்கு ஈடாக அரசு மானியம் தருகிறது. விதவைகள், கைவிடப்பட்டவர்கள் தொழில் செய்ய உதவி பெறலாம். ரமளானில் ஜகாத் வசூலிக்கும் நம் செல்வந்தர்களில் எத்தனை பேர் இந்தச் சங்கத்தின் பெயரைக் கேட்டிருப்பார்கள்? நான் சார்ந்த ஜமாஅத்தின் நிர்வாகிகளில்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. இத்தனைக்கும் தையல் இயந்திரம் கேட்டு மனு எழுதத் தெரியாமல் அலைபவர்கள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

அந்தத் தாயாருக்காக நான் மேனேஜரிடம் பேசவில்லை. அவர் மகனிடம் பேசினேன். நல்ல பிள்ளை, அம்மாவுக்குத் தேவைப்படும் என்றே யோசிக்கவில்லை என்றார். பட்டன் போன் ஒன்றும், தாயார் பெயரில் ஒரு சிம்மும் வாங்கினார். வங்கியில் எண்ணை மாற்ற ஒரே நாள்தான் ஆனது. இரண்டு வருடங்களுக்கு முன் நான் பேசியதையும் அடுத்த ஜும்ஆவில் பெயர் சொல்லாமல் எடுத்துச் சொல்லி, என் வார்த்தையைத் திருத்திக்கொண்டேன். முன்வரிசையில் இருந்த இரண்டு பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் ளுஹருக்குப் பின் மக்தப் அறையில் பெண்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு நடக்கிறது. பி.காம். முடித்து வீட்டிலிருக்கும் நம் ஜமாஅத்துப் பெண்பிள்ளைகள் இருவர் நடத்துகிறார்கள். உருதுவில் விளக்கி, தமிழ் எழுத்தும் எண்களும், குறுஞ்செய்தி படிப்பதும், ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் வாரம் நான்கு பேர் வந்தார்கள், இப்போது பதினொரு பேர். மூன்று பேரின் கணவர்கள் அனுப்ப மறுத்துவிட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை முத்தவல்லி ஸாஹிபும் நானும் அந்த மூன்று வீடுகளுக்கும் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.